அனாதை டிரம்களைத் தேடி... குறைந்த பட்ஜெட்டில் 60-களின் டிரம் செட் சேர்ப்பது எப்படி?

அமெரிக்காவின் குடியிருப்புப் பகுதிகளில் சனிக்கிழமை காலை ஒரு காட்சி சகஜம். வீட்டுக் கராஜைத் திறந்து, வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். பழைய சைக்கிள், குழந்தைகளின் பொம்மை, ஓடாத ரேடியோ. இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு டிரம் நிற்கும். முழு செட் கிடையாது, ஒரே ஒரு டிரம். மூன்று கால் வைத்த 16 இன்ச் ஃப்ளோர் டாம். மேலே பூந்தொட்டி வைத்த வட்டத் தடம்கூட இருக்கும்.

"இதோட மத்த டிரம்மெல்லாம் எங்கே?" என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அப்பா வாசித்தது, மாமா விட்டுட்டுப் போனது என்பதோடு பதில் முடிந்துவிடும்.

விண்டேஜ் டிரம் சந்தையில் இப்படித் தனியாக மாட்டிக்கொண்டவற்றுக்கு 'ஆர்ஃபன்' என்றே பெயர். அனாதை டிரம். முழு செட் வாங்கக் காசில்லாத டிரம்மர்கள் இந்த அனாதைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, ஓரிரு வருடத்தில் ஒரு செட்டாக்கிவிடுகிறார்கள். உண்மையிலேயே இதில் காசு மிச்சமாகுமா? ஆகும். ஆனால் எந்தக் குறை சத்தத்தைக் கெடுக்கும், எந்தக் குறை விலையை மட்டும் குறைக்கும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான்.

60-களின் டிரம்முக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1964 பிப்ரவரி 9. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் முதன்முறையாக வாசித்தார்கள். பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி பேர். டிரம்மர் ரிங்கோ ஸ்டார் எல்லோருக்கும் பின்னால், உயர்ந்த மேடையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேஸ் டிரம்மின் முகத்தில் பீட்டில்ஸ் பெயருக்கு மேலே 'லட்விக்' என்ற இன்னொரு பெயரும் இருந்தது.

லட்விக், சிகாகோவில் 1909-ல் தொடங்கிய கம்பெனி. அந்த ஒரு இரவுக்குப் பிறகு அமெரிக்காவில் பாதிப் பையன்களுக்கு டிரம் செட் வேண்டியிருந்தது. சிகாகோ தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. ஸ்லிங்கர்லேண்ட், கிரெட்ச், ரோஜர்ஸ் போன்ற மற்ற அமெரிக்க கம்பெனிகளுக்கும் அது பொற்காலம்.

அன்று தயாரான டிரம்கள்தான் இன்றைய விண்டேஜ் சந்தையின் முதுகெலும்பு. ரிங்கோ 1963-ல் லண்டனில் வாங்கிய முதல் லட்விக் செட், 2015-ல் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கும் மேல் போனது. அது புகழின் விலை. அதே காலத்தில் தயாரான, யாருக்கும் தெரியாத ஒருவர் வாசித்த முழு செட்டே நல்ல நிலையில் இருந்தால் சில ஆயிரம் டாலர் ஆகிறது.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அன்று ஏராளமாகத் தயாரித்தார்கள். அதனால் இன்று அனாதைகளும் ஏராளம்.

கலெக்டருக்குக் குறை, டிரம்மருக்கு லாபம்

பழைய டிரம்களின் விலையைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் கலெக்டர்கள். அவர்களுக்கு வேண்டியது 'ஒரிஜினல்'. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, ஒரு துளைகூட அதிகம் இல்லாமல், ஒரே செட்டாக இருக்க வேண்டும்.

ஆனால் டிரம்மை வாங்கியவர்கள் கலெக்டருக்காக வாங்கவில்லை. 70-களில் டாம் ஒன்று போதாமல் இரண்டு வைக்கும் வழக்கம் பரவியது. பேஸ் டிரம்மின் மேல் டிரில் போட்டு புது ஹோல்டர் மாட்டினார்கள். சிலர் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை உரித்து வார்னிஷ் அடித்தார்கள். பேட்ஜ் விழுந்தது. ஸ்க்ரூ தொலைந்தது.

இதில் எது நடந்திருந்தாலும் கலெக்டர் முகத்தைச் சுளிப்பார். விலை சட்டென்று இறங்கும். இப்படிப்பட்டவற்றை 'பிளேயர் கிரேடு' என்று தனியாகப் பிரித்தே விற்கிறார்கள். மரத்தில் இரண்டு துளை அதிகமாக இருப்பதால் பேஸ் டிரம்மின் சத்தத்தில் காதுக்குத் தெரியும் மாற்றம் அநேகமாக இருக்காது. துளையை மரக்கட்டை வைத்து அடைத்தும் விடலாம்.

ஆக, கண்ணுக்குத் தெரியும் குறைகளில் பல, வாசிப்பவருக்குத் தள்ளுபடி கூப்பன் மாதிரிதான்.

அப்போ எந்தக் குறை ஆபத்து?

தவிர்க்க வேண்டிய குறைகள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மூன்று விஷயங்களைச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, வட்டம். டிரம்மின் மர உடலை ஷெல் என்பார்கள். ஈரத்திலும் வெயிலிலும் வருடக்கணக்கில் கிடந்த ஷெல் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கலாம். அளவு டேப்பால் நான்கைந்து திசைகளில் குறுக்களவை எடுத்துப் பார்த்தால் போதும். இன்னும் சுலபமான வழி, அதே அளவுள்ள புது ஹெட் ஒன்றை மேலே வைப்பது. இழுக்காமல், அமுக்காமல் தானாக உட்கார்ந்து, விரலால் தள்ளினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால் டியூனிங் கடைசி வரை பாடாய்ப்படுத்தும்.

இரண்டாவது, ஹெட் உட்காரும் மர விளிம்பு. பேரிங் எட்ஜ் என்று பெயர். டிரம்மின் சத்தம் பிறக்கும் இடமே இதுதான். மேலிருக்கும் மற்ற பாகங்களைக் கழற்றிவிட்டு, ஷெல்லைக் கண்ணாடி மேஜை அல்லது கிரானைட் மேடை மேல் கவிழ்க்க வேண்டும். உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். விளிம்புக்கு அடியில் வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே பள்ளம். முடியளவு கசிவு பரவாயில்லை. விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தால் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒட்டு. 60-களின் லட்விக் ஷெல் மூன்று அடுக்கு மரப்பலகையை ஒட்டி வளைத்தது. மேலும் கீழும் உள்பக்கம் ஒரு வலுவூட்டும் மர வளையம் இருக்கும். 1976 வாக்கில்தான் அந்த கம்பெனி வளையம் இல்லாத ஆறு அடுக்குக்கு மாறியது. மூன்று அடுக்கில் பசை விட்டிருக்கிறதா, வளையம் பெயர்ந்திருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்க்கலாம். 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும் இடத்தில் திடீரென்று 'பொத்' என்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. சின்ன விரிசல் என்றால் பசை போட்டு இறுக்கிச் சரிசெய்யலாம். ஷெல் முழுக்கப் பிரிந்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

விளிம்பைப் புதிதாகச் சீவிக் கொடுக்கும் டிரம் மெக்கானிக்குகள் உண்டு. ஆனால் ஒருமுறை சீவினால் பழைய விளிம்பு திரும்பாது. கலெக்டர் விரும்பும் டிரம்மில் இது பெரிய நஷ்டம். ஏற்கெனவே துளை போட்ட பிளேயர் கிரேடில் அந்தக் கவலை இல்லை.

எதை முதலில் வாங்குவது?

60-களின் லட்விக்கில் இரண்டு செட் அமைப்புகள் பிரபலம். 'சூப்பர் கிளாசிக்' என்பது 22 இன்ச் பேஸ் டிரம், 13 இன்ச் டாம், 16 இன்ச் ஃப்ளோர் டாம். 'டவுன்பீட்' கொஞ்சம் சின்னது: 20, 12, 14. முதலில் இதில் ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். கிடைத்ததையெல்லாம் வாங்கினால் வீட்டில் மூன்று டாம் இருக்கும், செட் இருக்காது.

தொடக்கம் பேஸ் டிரம்மில் இருப்பது நல்லது. காரணம் மூன்று. அதுதான் பார்வைக்குப் பெரியது. மற்றவற்றின் நிறத்தை அதற்கு ஏற்ப தேடலாம். அதில்தான் பாகங்கள் அதிகம். கூரியரில் அனுப்ப அதிகச் செலவும் அதற்குத்தான். கூரியர் கம்பெனிகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் சேர்த்தே காசு கேட்கும். எனவே பேஸ் டிரம்மை உள்ளூரில் நேரில் பார்த்து, காரில் ஏற்றி வருவதுதான் லாபம். இந்தியாவிலிருந்து வாங்கப் பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு டிரம்மே பட்ஜெட்டை விழுங்கிவிடும். அனுப்பும் செலவோடு சுங்க வரியும் சேரும்.

டாம்களைப் பிறகு தேடலாம். ஒரே ஆளிடம் இரண்டு டிரம் கிடைத்தால், கீழ் ஹெட்டைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் பெரியதுக்குள் வைத்து ஒரே பெட்டியில் அனுப்பச் சொல்லலாம். நம்மூர்ப் பாத்திரக் கடையில் அண்டாவுக்குள் குண்டான் அடுக்கும் அதே டெக்னிக்.

டாம் ஹோல்டர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை அதிகம் என்றால், டாமை ஒரு ஸ்னேர் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிடலாம். 12, 13 இன்ச் டாம் அதில் சாதாரணமாகப் பொருந்தும். பேஸ் டிரம்மில் புதிதாகத் துளை போட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே நீலம், இப்போது மூன்று நிறம்

துண்டு துண்டாகச் சேர்ப்பதில் அதிகம் ஏமாறும் இடம் நிறம். பழைய டிரம்களின் பளபளப்பு பெயிண்ட் கிடையாது. ஷெல்லைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் உறை. அதன் மேல்படலம் காலப்போக்கில் மஞ்சளாகும். அதனால் நீல மினுமினுப்பு பச்சையாகத் தெரியும். வெள்ளி, தங்கம் மாதிரி ஆகும். வெள்ளை முத்து நிறம் பழைய பியானோ கட்டை மாதிரி ஆகிவிடும்.

ஒரே நாளில் தொழிற்சாலையை விட்டு வந்த இரண்டு டிரம்களில் ஒன்று ஜன்னலோரத்திலும் இன்னொன்று பெட்டிக்குள்ளும் 50 வருடம் இருந்திருந்தால், இன்று அவை இரண்டு நிறம். நெட்டில் பார்க்கும் போட்டோவை வைத்து முடிவெடுக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும், ஒரு லக்கைக் கழற்றிவிட்டு அதற்கடியில் இருக்கும் உறையின் படமும் கேட்டு வாங்க வேண்டும். லக் என்பது டியூனிங் ஸ்க்ரூ இறங்கும் உலோகப் பிடி. அதன் நிழலில் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும்.

மூன்றும் பொருந்தவே இல்லையென்றால்? சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் புது உறை சுற்றுகிறார்கள். பழைய உறையைப் பிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய காலத்து செல்லுலாய்ட் உறைகள் சுலபத்தில் தீப்பிடிக்கும். சூடேற்றும் ஹீட் கன்னை வைத்து உரிக்கும் வேலை அங்கே வேண்டாம்.

பெயர் சின்னது, சத்தம் பெரியது

பட்ஜெட் இன்னும் குறைவாக இருந்தால் கலெக்டர்கள் அதிகம் தேடாத மாடல்களைத் தேடலாம்.

லட்விக்கிலேயே 'கிளப் டேட்' என்றொரு வரிசை உண்டு. மேல் ஹெட்டுக்கும் கீழ் ஹெட்டுக்கும் தனித்தனி லக் வைக்காமல், நடுவில் ஒரே லக் வைத்துச் சிக்கனமாகச் செய்தது. ஷெல் அதே மூன்று அடுக்குதான். ஆனாலும் விலை குறைவு.

ஸ்னேர் டிரம் மற்றவற்றோடு நிறத்தில் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. லட்விக்கின் 'சூப்ராஃபோனிக்', ஒலிப்பதிவுகளில் மிக அதிகமாக ஒலித்த ஸ்னேர் என்று சொல்லப்படுவது. அதன் உடல் அலுமினியம், மேலே குரோம் முலாம். அதே அலுமினிய உடலை முலாம் பூசாமல், பத்து லக்குக்குப் பதில் எட்டு லக் வைத்து மாணவர்களுக்காக விற்றார்கள். அதுதான் 'அக்ரோலைட்'. பள்ளிக்கூடங்களுக்கு நிறைய போனதால் இன்றும் நிறைய கிடைக்கிறது. அண்ணன் விலையில் பாதிகூட வராத தம்பி. இன்னொரு வசதியும் உண்டு. சூப்ராஃபோனிக்கில் குரோம் பொரிந்து உரியும். அக்ரோலைட்டில் உரிய குரோமே இல்லை.

காலால் மிதிக்கும் பெடலுக்கு 'ஸ்பீட் கிங்'. 1937-ல் வந்தது. பல பத்தாண்டுகள் விற்றதால் தட்டுப்பாடு இல்லை. கொஞ்சம் கிறீச்சிடும், எண்ணெய் விட்டால் அடங்கும்.

ஜப்பான் பக்கமும் திரும்பலாம். இன்று உலகம் அறிந்த பேர்ல், டாமா ஆகியவற்றின் முன்னோடித் தொழிற்சாலைகள், 60-களில் அமெரிக்கக் கடைகள் கேட்ட பெயரையெல்லாம் ஒட்டி டிரம் ஏற்றுமதி செய்தன. லுவான் எனும் விலை மலிவான மரம், மெல்லிய உலோகப் பாகங்கள். லக் சுலபமாக உடையும் என்பது உண்மை. ஆனால் வட்டமும் விளிம்பும் சரியாக இருக்கும் ஒரு டிரம் கிடைத்தால், நல்ல ஹெட் போட்டதும் கதகதப்பான சத்தம் தரும்.

கணக்கு எங்கே உதைக்கும்?

'ஷெல் மட்டும், ரொம்ப சீப்' என்ற விளம்பரம்தான் இந்த விளையாட்டின் பெரிய பொறி.

22, 13, 16 அளவுள்ள லட்விக் செட்டில் டியூனிங் ராடுகள் எத்தனை தெரியுமா? பேஸ் டிரம்மில் 20, டாமில் 12, ஃப்ளோர் டாமில் 16. மொத்தம் 48. ராடு இருந்தால் அது இறங்க லக் வேண்டும். பேஸ் டிரம்முக்கு மட்டும் அதோடு 20 கொக்கிகள், இரண்டு மர வளையங்கள், முன்னால் ஊன்றும் கால்கள். டாம்களுக்கு நான்கு உலோக வளையங்கள். ஃப்ளோர் டாமுக்கு மூன்று கால்கள், அவற்றைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள்.

ஒரு கணக்குக்காக, முழு செட் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று டிரம்களைத் தனித்தனியாக 1,200 டாலருக்குப் பிடித்துவிட்டால் 800 மிச்சம் என்று தோன்றும். பாகங்களுக்கு 350, மூன்று தடவை கூரியருக்கு 250, ஸ்னேரையும் சேர்த்து எட்டு ஹெட்டுக்கு 200. முடிந்தது கதை. கையில் இருப்பது 2,000 டாலருக்கு வாங்கிய, நிறம் சேராத செட். ஸ்டாண்டும் சிம்பலும் இன்னும் வாங்கவில்லை.

எனவே அனுபவசாலிகள் ஒரு டிரம்மின் விலையைக் கேட்டதும், அதை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் அதே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறார்கள். பாகங்கள் முழுசாக இருக்கும் டிரம் கொஞ்சம் விலை அதிகமானாலும் கடைசியில் மலிவு. வேறு கம்பெனியின் பாகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் எப்போதும் நடக்காது. ஜெர்மனியின் சோனார் ராடு மெட்ரிக் அளவு. அமெரிக்க லக்கில் ஏறாது. லண்டனில் 1922-ல் தொடங்கிய பிரீமியரின் பழைய ஷெல்கள் சில, இன்றைய ஹெட் அளவுக்கு ஒத்துவராது.

பேட்ஜை நம்பலாமா?

பாதி நம்பலாம். லட்விக்கின் கீஸ்டோன் வடிவ பேட்ஜில் சீரியல் நம்பர் இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் பேட்ஜ்களை வரிசைப்படி எடுத்து அடிக்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்து அடித்தார்கள். எனவே நம்பர் சொல்லும் வருடம் ஓர் உத்தேசம்தான். பேட்ஜை ஒரு டிரம்மிலிருந்து கழற்றி இன்னொன்றில் அடிக்கவும் முடியும். பல டிரம்களின் உள்ளே மையில் குத்திய தேதி முத்திரை இருக்கும். அது பேட்ஜைவிட நம்பகமான சாட்சி.

இதனாலேயே, சுத்தம் செய்கிறேன் என்று ஷெல்லின் உள்பக்கத்தைத் தேய்ப்பது பெரிய தப்பு. டிரம்மின் பிறப்புச் சான்றிதழே அழிந்துவிடும். வெளியே உறையைத் துடைக்க லேசான சோப்புத் தண்ணீர் போதும். அசிட்டோன் பட்டால் செல்லுலாய்ட் கரையும். துருப்பிடித்த குரோமை, கசக்கிய அலுமினிய ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பெருமளவு போய்விடும். ராடுகளுக்கு ஒரு பொட்டு கிரீஸ். அவ்வளவுதான் சர்வீஸ்.

உடைப்பவர்களும் சேர்ப்பவர்களும்

அனாதை டிரம்கள் எல்லாமே விதிவசத்தால் பிரிந்தவை இல்லை. முழு செட்டை வாங்கி, டிரம் தனி, லக் தனி, வளையம் தனி என்று கழற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். பாகங்களின் கூட்டுத்தொகை முழு செட்டின் விலையைவிட அதிகம் என்பதால் இது லாபமான வியாபாரம். பழைய காரை உடைத்து ஸ்பேர் விற்பது மாதிரி. 60 வருடம் சேர்ந்தே இருந்த ஒரு செட், ஒரு மதிய நேரத்தில் இல்லாமல் போகிறது.

துண்டு துண்டாகச் சேர்ப்பவர் இதற்கு எதிர்த் திசையில் போகிறார். ஆனால் அவருடைய தேவைதான் உடைப்பவருக்குச் சந்தையாகவும் இருக்கிறது. இந்தச் சங்கடத்துக்குப் பல டிரம்மர்கள் வைத்திருக்கும் விதி எளிமையானது: ஏற்கெனவே தனித்து நிற்பதை வாங்கு, நல்ல நிலையில் இருக்கும் செட்டிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்காதே.

இன்னொரு விதி, விற்கும் நாளுக்கானது. சேர்த்துச் செய்த செட்டை 'ஒரிஜினல் செட்' என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. நிறமும் பேட்ஜும் பொருந்தியிருந்தால் வாங்குபவரால் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு டிரம்மையும் எந்த ஊரில், எந்த வருடம், என்ன நிலையில் வாங்கியது, எந்த லக் மாற்றியது என்று ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. அந்தத் தாளை ஒரு கவரில் போட்டு ஃப்ளோர் டாமின் உறைப்பையில் வைத்துவிடலாம். கராஜ் வாசலில் நின்று "இதோட மத்த டிரம்மெல்லாம் எங்கே?" என்று கேட்கப்போகும் அடுத்த ஆளுக்கு, அப்போதாவது பதில் கிடைக்கும்.